நான் பிழைபடப் படித்த கடிதம்

சிரம்பான் நகரையடுத்த லோபாக்கில், எங்கள் வீட்டுக் கூடத்தில், சென்ற தைப்பொங்கலன்று ஒரு வழக்கு எழுந்தது. மன்றத்து வழக்கன்று, உண்டு களைத்துப் பாயில் சாய்ந்திருந்த உறவினர் வளர்த்த வாய்வழக்கே. என் மூத்த தமக்கையின் மகன் மருத்துவப் படிப்பை முடித்து அரசாங்க ஆஸ்பத்திரியில் பணியாற்றுகிறான். மேற்படிப்புக்கு எத்துறையை எடுக்கப் போகிறாய் என்று பெரியவர் ஒருவர் அவனைக் கேட்டார்.

"மறுவாழ்வு மருத்துவம், தாத்தா" என்றான் அவன்.

கூடம் சற்று நேரம் அடங்கிற்று. பிறகு பெரியவர், "அது என்னப்பா, கை கால் பிடித்துவிடுகிற வேலைதானே?" என்றார். இன்னொருவர், "இருதயம் இருக்கிறது, மூளை இருக்கிறது, கண் இருக்கிறது. இத்தனையையும் விட்டுவிட்டு முடவர்க்கு ஊன்றுகோல் எடுத்துக் கொடுக்கவா உன் அப்பன் இராப்பகலாக உழைத்து உன்னைப் படிக்க வைத்தான்?" என்றார். சிலர் சிரித்தனர்.

பிள்ளை மறுமொழி கூறாமல் என்னைப் பார்த்தான். நான் தோட்டத்துக் கிராணி, ஆங்கிலவழியிற் படித்தவன். குடும்பத்தில் எவ்வழக்கு எழுந்தாலும் என் தீர்ப்பைக் கேட்பது எங்கள் வீட்டு மரபு. அன்று நான் வாய் திறக்கவில்லை. வாசலருகே சக்கர நாற்காலியில் அமர்ந்து கரும்பைக் கடித்துக்கொண்டிருந்த என் தாய்மாமனும் வாய் திறக்கவில்லை. எங்கள் இருவரின் மௌனத்திற்கும் காரணம் ஒன்றே. அதை இன்றேனும் வெளிப்படச் சொல்லிவிட வேண்டுமென்றே இதனை எழுதுகிறேன்.

மாமா என் தாயாரின் கடைசித் தம்பி. நான் கணக்கெழுதும் செம்பனைத் தோட்டத்திலேயே பழம் வெட்டி வந்தவர். முதிர்ந்த செம்பனை பத்து மீட்டருக்கு மேலும் உயரும். நீண்ட கழியின் முனையில் அரிவாளைப் பூட்டி, அண்ணாந்து நின்று, முதலில் மட்டையையும் பிறகு குலையையும் அறுக்க வேண்டும். குலையொன்று இருபது, இருபத்தைந்து கிலோ இருக்கும். அறுத்த கணத்தில் விலகத் தெரிந்தவனே வெட்டுக்காரன். ஐந்தாண்டுகளுக்கு முன், மழை விட்ட ஒரு காலையில், மாமாவின் கால் வழுக்கிற்று. குலை முதுகில் வீழ்ந்தது. முதுகெலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் பெரும்பாலும் போயின.

ஆஸ்பத்திரியில் அறுவை வைத்தியர்கள் உலோகக் கம்பிகள் வைத்து எலும்பை நிலைநிறுத்தினார்கள். உயிர் தங்கிற்று. வீட்டுக்கு அனுப்பும் நாளன்று கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். அத்தை அதை வாங்கி அப்படியே என்னிடம் நீட்டினார். முதுகெலும்பு நிலைபெற்றுவிட்டது, மேற்கொண்டு அறுவை தேவையில்லை, நோயாளி மறுவாழ்வு மருத்துவத் துறைக்கு அனுப்பப்படுகிறார், இரண்டு வாரத்திற்குள் அங்கு வருக என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"என்ன மாப்பிள்ளே எழுதியிருக்கு?" என்று மாமா கேட்டார்.

"செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டார்களாம், மாமா. இனி ஒன்றுமில்லை. ஏதோ உடற்பயிற்சிக்கு வரச் சொல்கிறார்கள். அதெல்லாம் மனத்தேறுதலுக்குத்தான்."

வஞ்சகமாக நான் அப்படிச் சொல்லவில்லை. மெய்யென்று நம்பியே சொன்னேன். கடிதத்தில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுமில்லை. ஆனால் 'மறுவாழ்வு மருத்துவம்' என்னும் தொடரை, கைவிட்டுவிட்டோம் என்பதை நாகரிகமாகக் கூறும் வாசகம் என்று எடுத்துக்கொண்டேன். அலுவலகத்திற்குத் திரும்பி விபத்துப் படிவத்தை நிரப்புகையில், 'வேலைக்கு நிரந்தரமாகத் தகுதியற்றவர்' என்று என் அழகிய கையெழுத்தில் எழுதினேன். வேலையில்லாதவர்க்கு லயத்தில் இடமில்லை என்பது தோட்டத்து வழக்கம். மாமாவின் குடும்பம் லோபாக்குக்கு, எங்கள் வீட்டுப் பின்னறைக்கு, வந்து சேர்ந்தது.

ஏழு மாதம் அவர் அந்த அறையில் படுத்துக் கிடந்தார். எண்ணெய் பூசி நீவுபவர் ஒருவர் வாரந்தோறும் வந்து போனார். அண்டை வீட்டார் தலையெழுத்து என்றார்கள். அவர்களுடைய அறியாமையை எண்ணி நான் உள்ளுக்குள் நகைத்ததுண்டு. நான் ஆங்கிலத்தில் படித்துச் சொன்னதும் அதே தலையெழுத்துத்தான் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஏழாம் மாத முடிவில் கடுங்காய்ச்சல் கண்டது. புரட்டிப் பார்த்தால் முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்திற்குப் படுக்கைப்புண், எலும்பு தெரிந்தது. மடக்கியே வைத்திருந்த முழங்கால்கள் இறுகி, நீட்ட வாராமற்போயின. மீண்டும் ஆஸ்பத்திரி. அங்கேதான் அத்துறையின் மருத்துவரை முதன்முறையாகக் கண்டேன். இளவயதுப் பெண்மணி. கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, மாமாவிடம் அவர் கேட்ட முதற்கேள்வி வலியைப் பற்றியதன்று. "ஐயா, உங்கள் வீட்டில் கழிப்பறைக்குப் போக எத்தனை படி?" என்பதே. பின்னர், கட்டில் எத்தனை உயரம், கதவு எத்தனை அகலம், வேலை செய்த காலத்தில் எக்கை அதிகம் உழைத்தது, காலையில் எழுந்தவுடன் என்ன செய்ய விருப்பம் என்று கேட்டுக்கொண்டே போனார். ஆஸ்பத்திரியில் எவரும் மாமாவை அத்தகைய கேள்விகள் கேட்டதில்லை. வீட்டிலும் நாங்கள் கேட்டதில்லை.

இறுதியில், "முதலிலேயே ஏன் வரவில்லை?" என்றார்.

மாமா கள்ளமின்றிச் சொன்னார்: "கடுதாசியை மாப்பிள்ளை படிச்சாரு, டாக்டரம்மா. ஒண்ணுமில்லேன்னு எழுதியிருந்ததாம்."

அந்த அம்மையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பலரும் அப்படித்தான் படிக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னார். அச்சொல்லைவிடக் கடிந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நிற்க. பலர் அப்படிப் படிப்பதற்குக் காரணமென்ன? அன்று முதல் நான் இத்துறையைப் பற்றித் தேடிப் படிக்கலானேன். கண்டதைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்வரை, முதுகுத் தண்டில் அடிபட்டுக் கால் இழந்தோர் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்குள் மாண்டனர். அவர்களைக் கொன்றது முதுகில் விழுந்த அடியன்று. படுக்கைப்புண்ணும், தேங்கிய சிறுநீரால் கெட்ட சிறுநீரகமுமே. ஜெர்மனியில் யூதர்க்கு நேர்ந்த கொடுமைக்குத் தப்பி 1939-இல் இங்கிலாந்து வந்தடைந்த லுட்விக் குட்மன் என்னும் நரம்பு மருத்துவர், 1944-இல் ஸ்டோக் மண்டவில் ஆஸ்பத்திரியில் இத்தகைய போர்வீரர்க்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். அவருடைய மருந்து என்ன தெரியுமா? நோயாளியை இரண்டு மணிக்கொரு முறை, இரவும் பகலும், புரட்டிப் படுக்க வைப்பது, சிறுநீரைத் தூய்மையாக வடிப்பது, உட்கார வைப்பது, வேலை கொடுப்பது. 1948-ஆம் ஆண்டு ஜூலை 29-இல், லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அவர் தம் ஆஸ்பத்திரிப் புல்வெளியில் சக்கர நாற்காலியில் அமர்ந்த பதினாறு பேரை வில்லெடுத்து எய்யச் செய்தார். இன்று உலகறிந்த பாராலிம்பிக் பந்தயம் அப்புல்வெளியில் விளைந்ததே.

அமெரிக்காவில் ஹோவர்ட் ரஸ்க் என்பவர் போரில் ஊனமுற்ற விமானப் படையினரிடையே தொடங்கிய பணியைப் பின்னர் நியூயார்க்கில் நிலையமாக அமைத்தபோது, மருத்துவர் சிலர் அதற்கு 'ரஸ்க்கின் பைத்தியக்காரத்தனம்' என்று பெயரிட்டனர். அங்கே இத்துறைக்குத் தனிச் சிறப்புத் தேர்வுக் குழு அமைந்தது 1947-இல்தான். ஆக, எங்கள் கூடத்துச் சிரிப்பு புதியதன்று. இத்துறை பிறந்த நாளிலேயே உடன்பிறந்தது.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கொரு பெருமைக்குரிய வரலாறுண்டு. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், கொல்லிமலையிற் பிறந்தவர். தொழுநோயாளரின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தியவர். கை நிமிர்ந்து வீடு திரும்பிய சிலர் மகிழவில்லை; முன்போல் பிச்சை கிடைக்கவில்லையே என்று வருந்தினர். கையைச் செப்பனிட்டால் போதாது, அக்கைக்கு ஒரு தொழிலும் வேண்டும் என்று கண்டு, 1951-இல் நவஜீவ நிலையம் என்னும் சிறு குடியிருப்பை அமைத்துத் தொழில் பயிற்றினார்கள். மறுவாழ்வு மருத்துவத்தின் உட்பொருள் முழுவதும் அந்தப் பிச்சைக்காரனின் வருத்தத்தில் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

அதே கல்லூரியில் பயின்ற மேரி வர்கீஸ் என்னும் இளம் மருத்துவர், 1954-இல் மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை செய்யப் பழகினார். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரிற் பயிற்சி பெற்றார். பிறகு நியூயார்க் சென்று, முன்சொன்ன ரஸ்க்கின் நிலையத்தில் இத்துறையைக் கற்று வேலூர் மீண்டார். 1966-இல் வேலூரையடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. 1986-இல் மறைந்தார். அவரிடம் சென்ற நோயாளி எவரும், 'உமக்கென்ன தெரியும் என் துன்பம்?' என்று கேட்டிருக்க முடியாது.

இனி நம் நாட்டு நிலை. மலாயாப் பல்கலைக்கழகம் 1997-இல் இத்துறைக்கு மேற்பட்டப் படிப்பைத் தொடங்கிற்று. கோலாலம்பூர் செராஸில் 2012-இல் இதற்கென்றே ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி எழுந்தது. தோட்ட மக்கள் 'சொக்சோ' என்று அழைக்கும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1971-இல் தோன்றியது. நெடுங்காலம் அதன் பெயரைக் கேட்டால் நமக்குப் பண நட்டஈடு ஒன்றே நினைவு வரும். இன்ன விரலுக்கு இத்தனை விழுக்காடு, இன்ன காலுக்கு இத்தனை என்று உடம்பைக் கூறுபோட்டு விலை கணிப்பதே எம் போன்ற கிராணிகளுக்குத் தெரிந்த கலை. அந்நிறுவனமே 2007-இல் அடிபட்டோரை மீண்டும் வேலைக்குச் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கி, 2014-இல் மலாக்காவில் பெரியதொரு மறுவாழ்வு நிலையத்தைத் திறந்தது. இன்று நம் தோட்டங்களில் நம்மவரைவிட மிகுதியாக உழைக்கும் அயல்நாட்டுத் தொழிலாளரும் 2019 முதல் அதன் பாதுகாப்பில் வந்துள்ளனர். வாயில்கள் திறந்திருக்கின்றன. கடிதத்தைப் பிழைபடப் படிப்போர்தாம் இன்னும் குறையவில்லை.

இத்துறைக்கு மதிப்புக் குறைந்திருப்பதன் காரணங்களை எண்ணிப் பார்த்தேன். முதலாவது, இதில் அதிசயமில்லை. கண்ணில் படலம் எடுத்தால் மறுநாளே பார்வை தெரிகிறது. மருத்துவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறக் கற்க மாமாவுக்கு மூன்று மாதம் பிடித்தது. நாளுக்கு ஓர் அங்குலம் முன்னேறும் வெற்றியை எவர் கண்டு கொண்டாடுவர்? இரண்டாவது, வெற்றியின் புகழ் மருத்துவரைச் சேர்வதில்லை. வியர்வை சிந்தியவன் நோயாளியல்லவா? மூன்றாவது, குணமாக்குவதே மருத்துவம் என்று நினைப்பவர்க்கு, குணமாகாதவனிடம் தொடங்கும் மருத்துவம் தோல்வியின் எச்சமாகத் தோன்றுகிறது. மருத்துவர்களுக்குள்ளேயும் இந்நினைவு உண்டு என்று என் மருமகன் சொல்கிறான்.

இன்னொரு தடையும் கூறுவர். அசைவுக்கு இயன்முறைச் சிகிச்சையாளர் இருக்கிறார். கைத்தொழிலுக்கும் அன்றாடச் செயலுக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர் இருக்கிறார். பேச்சுக்கு ஒருவர், செயற்கைக் கால் செய்ய ஒருவர், குடும்ப நிலை காண ஒருவர். இத்தனை பேர் இருக்க மருத்துவர் எதற்கு? நியாயமான கேள்வியே. மாமாவின் வாழ்விலிருந்தே விடை சொல்கிறேன். அவருக்குச் சிறுநீர்ப்பை நிரம்புவது தெரியாது. வெளியே பார்ப்பவர்க்கு ஒன்றும் புலப்படாது. உள்ளே தேங்கிய நீர் மேலேறிச் சிறுநீரகத்தை அரித்துவிடும். நாளைக்கு நாலைந்து முறை தாமே மெல்லிய குழாய் செலுத்தி வடித்துக்கொள்ள அவருக்குக் கற்பித்தவர்கள் தாதியர். எப்போது, எத்தனை முறை, சிறுநீரகம் எந்நிலையில் இருக்கிறது, கால் விறைப்புக்கு மருந்து எவ்வளவு, எந்த நாளில் புண்ணின்மேல் உட்காரலாம் என்று முடிவு செய்தவர் அந்த மருத்துவர். இருதய மருத்துவர்க்கு இருதயம். கண் மருத்துவர்க்குக் கண். ஆள் முழுவதற்கும், அவன் குடியிருக்கும் வீட்டுப் படிக்கும் கூட, பொறுப்பேற்க ஒருவர் வேண்டாவா?

குறைகளையும் மறைத்தல் தகாது. அறுந்த நரம்பு வடத்தை இம்மருத்துவம் ஒட்டவைத்துவிடாது. மருத்துவர் தொகை குறைவு. இருப்போரும் பெருநகரங்களிலேயே இருக்கின்றனர். தோட்டத்திலிருந்து ஒருமுறை போய்வர ஒருநாட் கூலியும் வாடகை வண்டிச் செலவும் ஆகும். நோயாளியோடு செல்பவரின் கூலியும் போகும். வாரம் மும்முறை வருக என்று எழுதிக் கொடுப்பது எளிது. எழுதியவர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். வருங்காலத்தில் எந்திரக் கைகளும் எந்திரக் கால்களும் வரும் என்று பத்திரிகைகள் கொண்டாடுகின்றன. வரட்டும், வரவேற்போம். ஆனால் பெரிய நிலையத்தில் நிற்கும் எந்திரத்தைவிட, அருகிலுள்ள சிறு மருந்தகத்தில் வாரம் ஒருநாள் வந்து இருக்கும் ஒரு சிகிச்சையாளர் நம்மவர்க்கு அதிகம் பயன்படுவார்.

வருங்காலம் இத்துறையை நாடித்தான் வரப்போகிறது. உலகில் மூவரில் ஒருவர், ஏறத்தாழ 240 கோடிப் பேர், மறுவாழ்வுச் சிகிச்சையால் பயன்பெறத்தக்க நிலையில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மறுவாழ்வுச் சேவையை ஒவ்வொரு நாட்டின் சுகாதார அமைப்பிலும் வலுப்படுத்த வேண்டுமென்று 2023-இல் உலக சுகாதாரப் பேரவை தீர்மானம் இயற்றியது. இக்கணக்குகள் வேண்டா என்றால் லோபாக்கிலே எங்கள் தெருவில் நடந்து பாருங்கள். நீரிழிவால் கால் எடுக்கப்பட்டவர், பக்கவாதத்தால் வாய் கோணிப் பேச்சிழந்தவர், விழுந்து இடுப்பொடிந்த பாட்டி. முன்னாளில் இவர்கள் மாண்டிருப்பர். இன்று மருத்துவம் இவர்களைச் சாகவிடுவதில்லை. சாகவிடாத மருத்துவம், வாழவிடவும் கடமைப்பட்டதன்றோ?

நாமும் கடமைப்பட்டவர்களே. ஊனமுற்றவனைக் கண்டால் நம் கை மடியில் இருக்கும் சில்லறையைத் தேடுகிறது. பரிதாபம் நம்மிடம் பஞ்சமில்லை. அவனுக்கு ஒரு வேலை கொடு என்றால் மட்டும் தயங்குகிறோம். அவன் வரும் வழியிலுள்ள படியைச் சற்றுச் சரிவாக்கு என்றால் செலவுக் கணக்குப் பார்க்கிறோம். முடமானவன் முடிந்தவன் என்று நம் நெஞ்சத்தில் எழுதியிருப்பதை அழிக்காதவரை, எத்தனை நிலையங்கள் திறந்தாலும், கடிதம் பிழைபடவே படிக்கப்படும்.

மாமாவின் புண் ஆற ஐந்து மாதம் சென்றது. முழங்கால்கள் ஓரளவே நீண்டன. அவருக்கு அடிபட்ட இடம் முதுகின் கீழ்ப்பகுதி. தொடையில் சிறிது வலுவும் எஞ்சியிருந்தது. காலம் தாழ்த்தாது வந்திருந்தால், காலுக்குக் கட்டை பூட்டி, ஊன்றுகோல் பிடித்து, வீட்டுக்குள் சில அடிகளாவது நடந்திருக்கக் கூடும் என்று அந்த மருத்துவர் நான் வற்புறுத்திக் கேட்ட பிறகே சொன்னார். இறுகிய முழங்காலில் கட்டை நில்லாது. ஆகவே, அந்தச் சில அடிகளைப் பறித்தது குலையன்று; என் ஒரு வாக்கியம். இதை எந்தப் படிவத்தில், எத்தனை விழுக்காடு என்று எழுதுவது?

மாமா இன்று பின்னறையில் இல்லை. வாசல் திண்ணையை ஒட்டித் தாழ்வாக ஒரு மேசை போட்டிருக்கிறோம். சுற்றுத் தோட்டங்களின் வெட்டுக்காரர்கள் அரிவாளைக் கொணர்ந்து அவரிடம் தீட்டிப் போகின்றனர். மரத்தின் உயரம் கேட்டு, முனையின் வளைவு பார்த்துத் தீட்டுவார். வெட்டியவர் கை அல்லவா? காலையில் எழுந்தவுடன் என்ன செய்ய விருப்பம் என்று மருத்துவர் கேட்டதற்கு, "யாரையும் கூப்பிடாமக் கழிப்பறைக்குப் போகணும்" என்று சொல்லியிருந்தார். ஒவ்வொரு நாளும் போகிறார்.

பொங்கலன்று விருந்தினர் சென்ற பின் அவர் தம் நாற்காலியை உருட்டிக்கொண்டு என் மருமகனருகே வந்தார். "பேராண்டி, நீ அதையே படி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க மாமன்காரன் மாதிரி கடுதாசி படிக்காம, சரியாப் படிக்கணும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரிக்க முயன்றேன்.

எங்கள் அலுவலக விபத்துப் படிவத்தில், இழந்தது யாது என்று எழுத ஒரு கட்டம் உண்டு. எஞ்சியது யாது என்று எழுதக் கட்டமில்லை. இப்போதெல்லாம் நான் ஓரத்து வெற்றிடத்தில் அதனையும் ஒரு வரி எழுதி அனுப்புகிறேன். இரண்டு கை நல்ல வலுவுடையது. எழுதப் படிக்கத் தெரியும். நிறுவைக் கணக்கு அறிவார். உட்கார்ந்து வேலை செய்ய விருப்பமுண்டு என்று. சட்டம் அதை என்னிடம் கேட்கவில்லை. மேலதிகாரி ஒருமுறை, "இதெல்லாம் எதற்கு?" என்று கேட்டார். அடுத்த படிவத்திலும் எழுதினேன்.